முதல் பாம்பு வளர்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இவையெல்லாம் விஷமில்லாத, வளர்ப்பவர்களிடமே பிறந்த, கைக்கு அடக்கமான பாம்புகளுக்குப் பொருந்துபவை. நச்சுப் பாம்பும் ஐந்து மீட்டர் வளரும் மலைப்பாம்பும் முதல் பாம்பாக ஒருபோதும் வேண்டாம்.

பாம்பு எனக்குச் சரிவருமா?

மூன்று விஷயங்களை யோசித்துப் பாருங்கள். முதலாவது, காலம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கார்ன் ஸ்னேக் 15 முதல் 20 வருடம் இருக்கும். பால் பைதான் என்ற சிறிய மலைப்பாம்பு 30 வருடம்கூட இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் 1961இல் சேர்ந்த ஒரு பெண் பால் பைதான், அறுபது வயதைத் தாண்டிய பிறகு 2020இல் முட்டையிட்டது. இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பிள்ளை படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

இரண்டாவது, உணவு. செத்த எலிகளை ஃப்ரீசரில் வைத்து, உருக்கி, இடுக்கியால் பிடித்துக் கொடுக்க வேண்டும். இதில் உங்களுக்கோ வீட்டில் இருப்பவர்களுக்கோ அருவருப்பு இருந்தால் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். மூன்றாவது, எதிர்பார்ப்பு. நாயைப்போல் ஓடி வந்து குழையும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். தன் போக்கில் வாழும் ஓர் உயிரை அருகில் இருந்து பார்ப்பதே போதும் என்கிறவர்களுக்குப் பாம்பு அற்புதமான துணை.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உள்ளூர்க் காட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் பல நாடுகளில் குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கு அனுமதியோ பதிவோ தேவைப்படலாம். மலைப்பாம்பு இனங்கள் எல்லாமே அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் ஊர் வனத்துறையிடம் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் கூண்டைப் பற்றி யோசியுங்கள்.

தோட்டத்தில் வந்த பாம்பைப் பிடித்து வளர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், காட்டில் பிறந்த பாம்புக்குக் கூண்டு பெரும் வதை. இரை எடுக்காமலே மெலிந்து சாகும். உடம்பில் ஒட்டுண்ணிகளும் இருக்கும். விஷப் பாம்பை விஷமற்றது என்று தவறாக எண்ணிப் பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

முதலில் எந்தப் பாம்பு வாங்கலாம்?

என்னைக் கேட்டால், கார்ன் ஸ்னேக். தென்கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்தது. வளர்ந்தபின் பெரும்பாலும் 90 முதல் 150 செ.மீ. நீளம் இருக்கும். பகலிலும் சில நேரம் வெளியே வந்து ஊர்ந்து திரியும், இரையை அநேகமாக மறுக்காது, வெப்பமும் ஈரமும் சற்று முன்பின் ஆனாலும் தாங்கும். குட்டியில் கொஞ்சம் துறுதுறுவென்று ஓடும். ஒரு வருடத்தில் நிதானத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது பால் பைதான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொள்ளும், அதனால் வந்த பெயர் இது. நாம் குடிக்கும் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மெதுவாக நகரும், கையில் பதற்றமில்லாமல் இருக்கும். ஆனால் ஈரப்பதத்தில் கண்டிப்பு, மறைவிடத்தில் கண்டிப்பு, மனம் ஒப்பாவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி. நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் மார்ஃப் என்று பலவகை விற்கிறார்கள். அவற்றில் ஸ்பைடர் என்ற வகையை வாங்காதீர்கள். அந்தக் கோலத்தைத் தரும் மரபணுவே நரம்புக் கோளாறையும் தருகிறது; தலை ஆடும், சில பாம்புகள் இரையைக் குறிபார்க்கவே திணறும். அழகுக்காக ஓர் உயிரை அப்படிப் பிறக்க வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கிங் ஸ்னேக், மில்க் ஸ்னேக் இரண்டும் நல்ல தேர்வுகளே. கிங் ஸ்னேக் கையைக்கூட இரை என்று நினைத்துக் கவ்விப் பார்க்கும் அளவுக்குச் சாப்பாட்டு ஆர்வம் உள்ளது. ரோஸி போவா சிறியது, அமைதியானது. ஹாக்னோஸ் பார்க்க மிக அழகு. ஆனால் அதற்குப் பின்பற்களோடு மெல்லிய நஞ்சு உண்டு. விடாமல் கவ்வி மென்றால் வீக்கம் வரும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முடிந்தவரை வளர்ப்பாளரிடமே நேரில் வாங்குங்கள். உடம்பு உருண்டையாக, முதுகெலும்பு துருத்தாமல் இருக்க வேண்டும். கண்கள் தெளிவாக, மூக்கிலும் வாயிலும் சளியோ நுரையோ இல்லாமல், கழிவுத் துவாரம் சுத்தமாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் நாக்கை நீட்டிக்கொண்டு மெல்லச் சுற்றிப் பிடிக்கும். கயிறுபோல் தொங்கினால் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று: “எத்தனை முறை இரை எடுத்திருக்கிறது, கடைசியாக என்றைக்கு, என்ன?” நல்ல வளர்ப்பாளரிடம் தேதியோடு குறிப்பு இருக்கும். குறைந்தது நான்கைந்து முறை, உறையவைத்து உருக்கிய எலியைத் தின்ற குட்டியாகப் பாருங்கள். கேட்டதும் மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பாம்பு உடம்பை நேராக நீட்டிப் படுக்க முடிய வேண்டும் என்பது என் அளவுகோல். வளர்ந்த கார்ன் ஸ்னேக்குக்கோ பால் பைதானுக்கோ 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் நல்ல அளவு; பாம்பு அதைவிட நீளமாக வளர்ந்தால் கூண்டும் அதற்கேற்ப நீளட்டும். குட்டிக்குச் சிறிய கூண்டில் தொடங்கலாம். பெரியதிலேயே விடுவதானால் இலை, கிளை, பட்டை, பொந்து என்று நிறைத்துவிடுங்கள். குட்டியைப் பயமுறுத்துவது கூண்டின் பரப்பு இல்லை, ஒளிய இடமில்லாத வெட்டவெளி.

மறைவிடம் குறைந்தது இரண்டு வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், பாதுகாப்பா வெப்பமா என்று பாம்பு ஒன்றைக் கைவிட வேண்டிவரும். பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். வெப்பம் கிடைக்காமல் இரை செரிக்காது. மறைவிடம் உடம்பு உரசும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். மூடிக்குப் பூட்டோ கொக்கியோ கட்டாயம். தலை நுழையும் இடுக்கு இருந்தால் முழுப் பாம்பும் வெளியே வந்துவிடும்.

வெப்பத்தை எப்படிச் சரியாக வைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டும்போது சூடான இடத்துக்கும், போதும் என்றால் குளிர்ந்த இடத்துக்கும் நகர்ந்துதான் சமாளிக்கிறது. அதனால் கூண்டு முழுக்க ஒரே வெப்பம் இருக்கக் கூடாது. ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி.

கார்ன் ஸ்னேக்குக்குச் சூடான பக்கம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. சூடேற்ற அடியில் விரிக்கும் ஹீட் மேட்டோ மேலே பொருத்தும் விளக்கோ வைக்கலாம். எதுவானாலும், சூடு அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் என்ற கருவி இல்லாமல் இணைக்காதீர்கள்.

என் முதல் கார்ன் ஸ்னேக்குக்கு ஹீட் மேட்டை அப்படியே செருகிவிட்டேன். தொட்டுப் பார்த்தேன், இதமாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து அதன் வயிற்றுச் செதில்கள் பழுப்பாகிக் கொப்பளித்திருந்தன. பாம்புக்கு அடியிலிருந்து வரும் சூட்டில் விலகிக்கொள்ளச் சரியாகத் தெரிவதில்லை. வெந்துகொண்டிருக்கும் இடத்திலேயே படுத்திருக்கும். மருத்துவரிடம் கொண்டுபோனேன், மருந்து போட்டேன், பல முறை சட்டை உரித்த பிறகே வயிறு பழைய நிலைக்கு வந்தது. இன்றைக்கும் புதிதாக வாங்குகிறவர்களிடம், பாம்பின் நிறத்துக்குச் செலவழிப்பதைக் குறைத்துத் தெர்மோஸ்டாட்டுக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனை ஹீட் மேட்டுக்கும் கூண்டின் தரைக்கும் நடுவிலோ, பாம்பு படுக்கும் இடத்திலோ இருக்க வேண்டும். விளக்கு வைத்தால் பாம்பு அதைத் தொட முடியாதபடி கம்பிவலைக் கூடு போடுங்கள். மின்சாரத்தில் சூடாகும் ‘ஹாட் ராக்’ கற்கள் வேண்டவே வேண்டாம். வெயில் விழும் ஜன்னலோரத்தில் கண்ணாடிக் கூண்டை வைக்காதீர்கள். சில மணி நேரக் குளிரைப் பாம்பு தாங்கிக்கொள்ளும். வெயிலில் கொதிக்கும் கண்ணாடிக்குள் கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும். அதனால் மின்சாரம் போனால் பதறாதீர்கள், கூண்டைப் போர்வையால் சுற்றி வையுங்கள், போதும்.

தரை, ஈரப்பதம், வெளிச்சம்?

கார்ன் ஸ்னேக்குக்கு ஆஸ்பென் மரச்சீவல் அருமை, வளை தோண்டி விளையாடும். பால் பைதானுக்கு ஈரம் தாங்கும் தேங்காய் நார்த்தூளோ மரப்பட்டைத் துண்டுகளோ போடுங்கள். தேவதாரு, பைன் போன்ற மணக்கும் மரங்களின் சீவல் கூடாது. அந்த எண்ணெய் பாம்புக்குத் தீங்கு. ஈரப்பதம் கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60 சதவீதம், பால் பைதானுக்கு 60ஐ ஒட்டி, சட்டை உரிக்கும்போது இன்னும் சற்று அதிகம். தண்ணீர்க் கிண்ணம் கவிழாத கனத்தில், பாம்பு உள்ளே சுருண்டு ஊறும் அளவில் இருக்கட்டும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு. இரவில் சிவப்பு விளக்கு தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். கூண்டைப் பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு வெப்பத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும். பாம்பை உள்ளே விட்டதும் மூடிவிட்டு விலகிவிடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவது தவிரக் கை வைக்க வேண்டாம். பிறகு இரை கொடுங்கள். இரண்டு மூன்று முறை ஒழுங்காகத் தின்ற பிறகுதான் கையில் எடுப்பது. வந்த அன்றே நண்பர்களை அழைத்துக் கைக்குக் கை மாற்றிப் படம் எடுக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. பாம்புக்கு அது தன்னைப் பெரிய மிருகம் ஒன்று பிடித்துவிட்டது என்ற பயம்.

என்ன கொடுப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

எலி. முழு எலி. எலும்பு, ஈரல், தோல் எல்லாம் சேர்ந்ததுதான் பாம்புக்குச் சரிவிகித உணவு. கறித்துண்டு அதற்கு ஈடாகாது. அளவுக்குக் கணக்கு எளிது: பாம்பின் உடம்பில் எந்த இடம் பருமனோ அந்தப் பருமனுக்கு ஒத்த இரை. கார்ன் ஸ்னேக் குட்டிக்கு ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு ஒன்று, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை பெரிய சுண்டெலி. வளர்ந்த பால் பைதானுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். கேட்கிறதே என்று கொடுத்துக்கொண்டே போனால் கொழுப்பு ஏறி ஆயுள் குறையும்.

உறைந்த எலியை உறையில் போட்டு முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள். கொடுக்கும் முன் அதே உறையோடு வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். பால் பைதானின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. ஆறிப்போன எலியை அது இரையாகவே எண்ணாது. மைக்ரோவேவ் கூடாது, உள்ளே வெந்து வெளியே வெடித்துவிடும். கையால் நீட்டாமல் நீண்ட இடுக்கியால் கொடுங்கள்.

உயிருள்ள எலிதானே இயற்கை?

காட்டில் பாம்பு தானே இடம் பார்த்துப் பதுங்கித் தாக்குகிறது. கூண்டில் எலியும் தப்ப முடியாது, பாம்பும் விலக முடியாது. பசியில்லாத பாம்பின் முதுகை எலி எலும்பு தெரியக் கடித்துவிடுவதுண்டு. எலியின் வேதனையும் வேதனைதான். உறைந்த இரைக்குப் பழகிய குட்டியை வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

பால், முட்டை, பழம்?

பாலைப் பாம்பால் செரிக்க முடியாது. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும்; அதைப் பார்த்துப் பால் பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பழமும் காயும் தின்னாது. முட்டை மட்டுமே தின்னும் பாம்பினங்கள் உண்டு, இங்கே சொன்னவை அவை இல்லை.

என் பாம்பு சாப்பிட மறுக்கிறதே?

முதலில் வெப்பத்தை அளந்து பாருங்கள். அப்புறம் மறைவிடம் இறுக்கமாக இருக்கிறதா, அடிக்கடி கையில் எடுக்கிறீர்களா, கண் வெளுத்துச் சட்டை உரிக்கப் போகிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை விடை இங்கேயே இருக்கும். இரையை இரவில், விளக்கணைத்து, மறைவிடத்தின் வாயிலில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். மறுத்தால் எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி. தினம் தினம் மூக்கருகே ஆட்டினால் பயம்தான் கூடும்.

வளர்ந்த பால் பைதான் குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் உண்ணாமல் இருப்பது சாதாரணம். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை பெரிதாகக் குறையாதவரை காத்திருக்கலாம். குட்டி நான்கைந்து வாரம் உண்ணாவிட்டாலோ, பெரியதற்கு எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போங்கள்.

தின்றதைக் கக்கிவிட்டால்?

உடனே மறுபடி கொடுக்காதீர்கள். வயிற்று அமிலமும் சேர்ந்து வெளியே போயிருக்கும். பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளி விட்டு, வழக்கத்தில் பாதி அளவு இரை கொடுங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: இரை பெரியது, வெப்பம் போதவில்லை, தின்ற கையோடு யாரோ தூக்கிவிட்டார்கள். தின்றபின் முழுதாக இரண்டு நாள் தொடக் கூடாது. மறுபடியும் கக்கினால் மருத்துவர்.

கையில் எடுப்பது எப்படி? கடித்துவிட்டால்?

மேலிருந்து கையைக் கொண்டுபோகாதீர்கள், கழுகு பாய்வது மாதிரி. பக்கவாட்டிலிருந்து நடு உடம்பின் கீழே கை கொடுத்து, தயங்காமல் ஒரே சீராகத் தூக்குங்கள். பாதித் தூக்கிப் பாதி விடுவதுதான் பாம்பைப் பதற வைக்கும். தலையைப் பிடிக்க வேண்டாம், கைகளுக்கிடையே ஊர விடுங்கள். முதலில் ஐந்து நிமிடம், வாரம் இரண்டு முறை, அவ்வளவே. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் கூண்டுக்குள் விடாதீர்கள்.

குட்டி கடித்தால் முள் கீறியது போல இருக்கும். பற்கள் பின்னோக்கி வளைந்தவை, கையை வெடுக்கென்று இழுத்தால் உங்களுக்கும் கிழியும், அதற்கும் பல் உடையும். விடாமல் கவ்வியிருந்தால் குளிர்ந்த தண்ணீர்க் குழாயின் கீழ் காட்டுங்கள், விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆழமாகப் பதிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண் பால்போல் வெளுத்திருக்கிறது, குருடாகிவிட்டதா?

இல்லை, சட்டை உரிக்கப் போகிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு சேர்ந்தே உரியும். சில நாள் வெளுத்திருந்து, தெளிந்து, அடுத்த சில நாளில் உரித்துவிடும். அதுவரை கையில் எடுக்காதீர்கள். பார்வை மங்கியிருப்பதால் பயந்துபோயிருக்கும். ஈரப் பாசி வைத்த ஒரு பெட்டியை உள்ளே வையுங்கள்.

சட்டை மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே உறையாக வர வேண்டும். எடுத்து விரித்து, இரண்டு கண் செதிலும் வந்திருக்கின்றனவா, வால் நுனி வந்திருக்கிறதா என்று பாருங்கள். துண்டு துண்டாக வந்தால் ஈரம் போதவில்லை. மிச்சத்தை வெதுவெதுப்பான ஈரத்துணிக்குள் ஊர விட்டுக் கழற்றலாம். கண்ணில் ஒட்டியதை மட்டும் நீங்கள் பிய்க்கவே கூடாது, கண்ணே போய்விடும்.

அதற்கு என்னை அடையாளம் தெரியுமா? காது கேட்குமா?

வெளிக்காது இல்லை, உட்காது உண்டு. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணரும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் ஓரளவு கேட்கும். உலகத்தை அது முதன்மையாக அறிவது நாக்கால். நாக்கு வாசனைத் துகள்களைப் பொறுக்கி மேலண்ணத்தில் உள்ள ஒரு நுகர்வு உறுப்பிடம் சேர்க்கிறது. உங்கள் வாசனை ஆபத்தில்லாதது என்று பழகிக்கொள்ளும். அதைப் பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பயந்து சுருண்டிருந்த உயிர் ஒரு நாள் தானாகக் கையில் ஏறி, நாக்கை நீட்டியபடி தோள்வரை ஊர்ந்து போகும்போது வரும் மகிழ்ச்சி எனக்குக் குறைவாகத் தோன்றியதில்லை.

இரண்டு பாம்புகளை ஒரே கூண்டில் விடலாமா?

வேண்டாம். சேர்ந்து சுருண்டிருப்பது நட்பால் இல்லை, நல்ல இடத்துக்கான போட்டி. கிங் ஸ்னேக் மற்றப் பாம்புகளைத் தின்னும் இனம்.

நோய் வந்தால் எப்படித் தெரியும்?

வாயைத் திறந்து மூச்சு விடுவது, சீறல் அல்லாத ஓர் இரைச்சல், மூக்கில் குமிழி: மூச்சுக்குழாய்த் தொற்று. ஈறு சிவந்து சீழ் தெரிந்தால் வாய்ப்புண். தண்ணீர்க் கிண்ணத்தில் கரும்புள்ளிகளாக மிதந்தால், பாம்பு எந்நேரமும் ஊறிக்கிடந்தால், மைட் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. மூன்றுக்கும் கைவைத்தியம் உதவாது. பாம்பு வாங்கும் முன்பே, எந்த மருத்துவர் பாம்பைப் பார்ப்பார் என்று தேடி எண்ணைக் குறித்து வையுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்கலாமா?

ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், பாம்பு நோயே இல்லாமல் இருக்கும்போதும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் நான் தயங்கவே சொல்வேன். மற்றவர்கள் பாம்பையோ கூண்டையோ எலியையோ தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். எலி உருக்கும் பாத்திரம் அதற்கு மட்டும்.

பாம்பு கூண்டைவிட்டுத் தப்பிவிட்டது!

முதலில் அறைக் கதவுகளைச் சாத்தி, அடியிடுக்குகளைத் துணியால் அடையுங்கள். பாம்பு பெரும்பாலும் அதே அறையில், சுவரோரம், சூடும் இருட்டும் சேர்ந்த இடத்தில் இருக்கும்: குளிர்பெட்டியின் பின்புறம், அலமாரி அடி, புத்தகங்களின் பின்னால். பகலில் கிடைக்காவிட்டால் இரவு விளக்கணைத்துக் கையில் டார்ச்சோடு அமைதியாக உட்காருங்கள். வாசற்படிகளில் மாவைத் தூவி வைத்தால் எந்தப் பக்கம் போனது என்று தடம் சொல்லும். வாரங்கள் கழித்து நலமாகக் கிடைத்தவை நிறைய, நம்பிக்கையை விடாதீர்கள்.

இனி வளர்க்க முடியவில்லை என்றால்?

வெளியே விட்டுவிடாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும். குளிரிலோ பசியிலோ செத்துப்போகும். பிழைத்துப் பெருகினால் அதைவிடக் கொடுமை. கனேரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனேரியாவில், வளர்ப்பிலிருந்து வெளியேறிய கலிஃபோர்னியா கிங் ஸ்னேக்குகள் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரும்பல்லி இனத்தை அழித்துக்கொண்டிருக்கின்றன. தொடக்கக்காரர்களுக்கு நல்லது என்று மேலே நான் சொன்ன அதே பாம்புதான்.

வாங்கிய வளர்ப்பாளரிடம் கேளுங்கள், ஊர்வன மீட்பகங்களில் கேளுங்கள், அனுபவமுள்ள வேறொருவரைத் தேடுங்கள். சில மாதம் ஆகலாம். கொடுக்கும்போது கூண்டோடும் தெர்மோஸ்டாட்டோடும் சேர்த்து, என்றைக்கு என்ன தின்றது, எப்போது உரித்தது, எவ்வளவு எடை என்று நீங்கள் எழுதிவந்த நோட்டையும் கொடுத்துவிடுங்கள். புதிய வீட்டில் அது இரை எடுக்க மறுக்கும் முதல் வாரத்தில், வளர்ப்பவர் அந்த நோட்டைத்தான் திறந்து பார்ப்பார்.